தூக்குத் தண்டனை: வகுப்புகளில் என்னிடம் கேட்ட கேள்விகள்

கல்லூரிகளுக்குச் சட்ட விழிப்புணர்வு வகுப்பு எடுக்கப் போவதுண்டு. நுகர்வோர் உரிமையில் ஆரம்பித்தாலும் சரி, வாடகை ஒப்பந்தத்தில் ஆரம்பித்தாலும் சரி, கடைசிப் பத்து நிமிடம் பேச்சு தூக்குத் தண்டனையில்தான் போய் நிற்கும். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தூக்குத் தண்டனையில் உடன்பாடு இல்லை. கொலைகாரன் மேல் இரக்கப்பட்டு வந்த முடிவல்ல இது. நூறு கொலைகாரர்களில் எந்த இரண்டு பேரைத் தூக்கில் போடுவது என்று பொறுக்கி எடுக்கும் வேலையை நம் நீதிமன்றங்களால் சரியாகச் செய்ய முடியும் என்று என்னால் நம்ப முடியவில்லை. வழக்குகளைப் படிக்கப் படிக்க அந்த எண்ணம் இறுகித்தான் போனது. எதிர்த்தரப்பு வாதங்களில் வலுவானவற்றையும் கீழே சொல்லியிருக்கிறேன்.

எந்தெந்தக் குற்றத்துக்குத் தூக்கு உண்டு?

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதன்படி கொலை, உயிர் போகக் காரணமான பயங்கரவாதச் செயல், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல், 12 வயதுக்குட்பட்ட சிறுமியை வல்லுறவு செய்தல் போன்றவற்றுக்குத் தூக்கு விதிக்கலாம். சாதி, மதம் முதலிய காரணங்களுக்காக ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்வதும் இப்போது அந்தப் பட்டியலில் தனியாக இருக்கிறது.

பொதுவாக 'விதிக்கலாம்' என்றுதான் இருக்கும். ஆயுள் கைதி ஒருவர் கொலை செய்தால் கட்டாயம் தூக்கு என்று பழைய சட்டத்தில் 303-வது பிரிவு இருந்தது. அதை 1983-ல் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. குற்றம் நடந்தபோது 18 வயது ஆகாதவரைத் தூக்கில் போட முடியாது. கர்ப்பிணியின் தண்டனையை உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தாக வேண்டும்.

'அரிதினும் அரிதான வழக்கு' என்கிறார்களே, அதற்கு என்ன அளவுகோல்?

அளவுகோல் என்று எதுவும் கிடையாது. சிக்கலே அதுதான்.

1955 வரை கொலைக்குத் தூக்குதான் வழக்கமான தண்டனை. நீதிபதி ஆயுள் கொடுத்தால், ஏன் தூக்கு கொடுக்கவில்லை என்று எழுத வேண்டும். அந்த ஆண்டு அந்தக் கட்டாயம் போனது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. தூக்கு கொடுக்கிறவர்தான் சிறப்புக் காரணம் எழுத வேண்டும் என்று ஆயிற்று. 1980 மே மாதம் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் தூக்குத் தண்டனை அரசியல் சட்டப்படி செல்லும் என்றார்கள். ஆனால் வேறு வழியே இல்லை என்கிற அரிதினும் அரிதான வழக்கில் மட்டும், குற்றத்தோடு குற்றவாளியையும் எடைபோட்டுப் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்றார்கள். மாறுபட்ட ஒருவர் நீதிபதி பகவதி. தண்டனை எந்த நீதிபதிகள் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்துப் போய்விடும் என்பது அவருடைய முக்கியமான ஆட்சேபங்களில் ஒன்று.

அவர் பயந்ததுபோலவே ஆயிற்றா என்றால், அதற்கு முன்பே தொடங்கிய ஒரு வழக்கையே பாருங்கள்.

உத்தரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றதாக ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் என்ற மூவருக்குத் தூக்கு விதித்தார்கள். ஒரே குற்றம், ஒரே தீர்ப்பு, மூவருக்கும் ஏறக்குறைய ஒரே பங்கு. ஆனால் மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஜீதாவின் மனு 1976-ல் தள்ளுபடி. காஷ்மீரா சிறையிலிருந்து அனுப்பிய மனு வேறு நீதிபதிகளிடம் போக, 1977-ல் ஆயுளாகக் குறைந்தது. ஹர்பன்ஸ் மனு 1978-ல் தள்ளுபடி. ஜீதாவுக்கும் ஹர்பன்ஸுக்கும் தூக்கு நாள் 1981 அக்டோபர் 6. கடைசி நேரத்தில் ஹர்பன்ஸ் மறுபடி மனுப் போட்டுத் தடை வாங்கினார். ஜீதா மனுப் போடவில்லை. குறித்த நாளில் தூக்கில் போட்டார்கள். காஷ்மீராவுக்கு ஏற்கனவே தண்டனை குறைந்த விஷயம் அதற்கப்புறம்தான் நீதிபதிகளின் கவனத்துக்கு வந்தது. ஹர்பன்ஸின் தண்டனையையும் குறைக்கச் சொல்லிக் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தார்கள்.

ஒரே கொலைக்கு ஒருவர் தூக்கில், இருவர் ஆயுளில். எதிர்வாதமாக எனக்கு இந்த ஒரு வழக்கே போதும்.

அது பழைய கதை. இப்போது டி.என்.ஏ., கேமரா எல்லாம் வந்துவிட்டதே, தவறு நடக்குமா?

2009-ல் மகாராஷ்டிரா வழக்கொன்றில் ஆறு பேருக்கு உச்ச நீதிமன்றமே தூக்கை உறுதி செய்தது. அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததை மறுபடி தூக்காக ஏற்றிக் கொடுத்தது. பத்து வருடம் கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்தது. உயிர் பிழைத்த சாட்சி ஆரம்பத்திலேயே போலீஸ் ஆல்பத்தில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரை யாரும் விசாரிக்கவே இல்லை. தூக்கு விதிக்கப்பட்டவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது 18 வயது ஆகாதவர் என்பதும் பின்னால்தான் வெளியே வந்தது. நஷ்டஈடு தலைக்கு 5 லட்சம் ரூபாய். பதினாறு வருடம் உள்ளே இருந்ததற்கு.

நம் ஊருக்கே வருவோம். சென்னை புறநகரில் 2017-ல் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். செங்கல்பட்டு நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தூக்கு கொடுத்தது. அன்று நானும் 'சரியான தீர்ப்பு' என்று நண்பர்களிடம் சொன்னவன்தான். உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்துவிட்டது. குற்றச்சாட்டு பதிவானபோது அவருக்கு வக்கீல் இல்லை. வக்கீலை நியமித்த நாலு நாளில் சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. குற்றவாளி என்று அறிவித்த அன்றே தூக்கும் விதித்தாயிற்று. சாட்சியச் சங்கிலியிலும் கண்ணிகள் விட்டுப் போயிருந்தன.

இந்தத் தீர்ப்பில் இரண்டு விதமாகக் கோபப்படலாம். அவர் செய்யவில்லை என்றால் ஏழு வருடம் போய்விட்டது, உண்மையான ஆள் வெளியே இருக்கிறான். அவர்தான் செய்தார் என்றால், 'சீக்கிரம் தூக்கில் போடு' என்று நாம் போட்ட கூச்சலில் அவசரமாக நடந்த விசாரணையே அவரைத் தப்பிக்க வைத்திருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் அந்தக் குழந்தைக்கு நியாயம் கிடைக்கவில்லை.

தூக்கு இருந்தால்தானே பயம் இருக்கும்?

ஆதரவாளர்கள் அதிகம் சொல்லும் வாதம் இதுதான். என் பார்வையில் அவர்களுடைய பலவீனமான வாதமும் இதுதான்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் பெரும்பகுதி அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே 1944-ல் தூக்கை ஒழித்தார்கள். இந்தியாவோடு சேர்ந்து பொதுச் சட்டம் வந்தபிறகு தூக்கும் திரும்பி வந்தது. தூக்கு இல்லாத காலத்தையும் திரும்பி வந்த காலத்தையும் ஒப்பிட்டவர்களால் கொலை எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் எதையும் காட்ட முடியவில்லை. அமெரிக்காவில் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2012-ல் பல வருட ஆய்வுகளைப் பரிசீலித்து, தூக்கு கொலையைக் குறைக்கிறது, கூட்டுகிறது, ஒன்றும் செய்யவில்லை என்று எதையும் இவற்றை வைத்துச் சொல்ல முடியாது என்று முடித்தது. இது எதிர்ப்பாளர்களுக்கும் சேர்த்துத்தான். 'தூக்கால் குற்றம் குறையாது என்று நிரூபணமாகிவிட்டது' என்று மேடையில் முழங்குவதும் தவறு.

தண்டனை எவ்வளவு பெரியது என்பதைவிட, மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்பதுதான் செய்கிறவன் மனதில் ஓடும். ஹெல்மெட் கதைதான். அபராதத்தை எவ்வளவு ஏற்றினாலும் சிக்னலில் போலீஸ் நிற்கிற அன்றைக்குத்தானே தலையில் ஏறுகிறது?

உங்கள் மகளாக இருந்தால் இப்படிப் பேசுவீர்களா?

ஒரு கல்லூரியில் கடைசி வரிசையில் இருந்த மாணவி கேட்டாள். குரலை உயர்த்தவில்லை, எழுந்து நின்று நிதானமாகக் கேட்டாள். நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அப்புறம் சொன்னேன்: "பேச மாட்டேன்மா. அவனை நானே கொல்லத்தான் பார்ப்பேன்." அவள், "அப்போ கோர்ட்டு அதைச் செஞ்சா மட்டும் ஏன் சார் தப்பு?" என்றாள்.

ஆதரவு வாதத்தின் உயிர் அவள் கேள்வியில்தான் இருக்கிறது. பயமுறுத்தல், செலவு எல்லாம் சும்மா. சில குற்றங்களுக்கு வேறு எந்தத் தண்டனையும் குற்றத்தின் எடைக்கு ஈடாகாது, பறிகொடுத்தவர்கள் பழிவாங்காமல் அரிவாளைக் கீழே வைத்ததே அரசு பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான், அந்த வாக்கை அரசு காப்பாற்ற வேண்டும் என்பதே அந்த வாதம். இதை லேசில் தள்ள முடியாது.

நான் சொன்ன பதில் இதுதான். கோபத்தில் நான் தவறான ஆளை வெட்டினால் என்னை ஜெயிலில் போடுவார்கள். கோர்ட்டு தவறான ஆளைத் தூக்கில் போட்டால் யாரைப் போடுவது? ராவ்ஜி ராம் என்பவர் 1996-ல் ராஜஸ்தானில் தூக்கிலிடப்பட்டார். குற்றத்தை மட்டும் பார், குற்றவாளியைப் பார்க்காதே என்ற ரீதியில் அவருக்கு வந்த தீர்ப்பு பச்சன் சிங் தீர்ப்புக்கு முரணானது என்று 2009-ல் உச்ச நீதிமன்றமே ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டு என்ன பயன்? ஆள் போய்ப் பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது.

அவள் உட்கார்ந்துவிட்டாள். ஒப்புக்கொண்ட முகமாகத் தெரியவில்லை.

ஆயுள் தண்டனை என்றால் 14 வருடம்தானே? கொலைகாரனுக்கு நம் வரிப்பணத்தில் பிரியாணியா?

ஆயுள் என்றால் ஆயுள் முடிகிற வரை. 14 வருடம் என்பது இப்படிப்பட்ட கைதியை அரசு முன்கூட்டி விடுவிக்க நினைத்தால்கூட அதற்கு முன் முடியாது என்கிற எல்லை. 14 முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது. தவிர, 20, 25, 30 வருடம் தண்டனைக் குறைப்பே கிடையாது என்று நிபந்தனை போட்டு ஆயுள் கொடுக்கும் முறையை 2008-ல் உச்ச நீதிமன்றம் கொண்டு வந்தது. அது செல்லும் என்று 2015-ல் ஐந்து நீதிபதிகளில் பெரும்பான்மை சொன்னது. உடுமலைப்பேட்டை ஆணவக் கொலையில் 2017-ல் ஆறு பேருக்குத் தூக்கு விழுந்தது. 2020-ல் சென்னை உயர் நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்தது; மற்ற ஐந்து பேரின் தண்டனையை 25 வருடம் குறைப்பில்லாத ஆயுளாக்கியது. அந்த விடுதலையில் எனக்கு வருத்தம் உண்டு, அது வேறு பேச்சு.

பிரியாணி விஷயம் சுவாரசியமானது. மும்பைத் தாக்குதல் வழக்கில் கசாப் பிரியாணி கேட்டான் என்ற பேச்சு நாடெங்கும் ஓடியது. அப்படி எதுவும் நடக்கவில்லை, அவன் மேல் அனுதாப அலை எழுவதைத் தடுக்க நான்தான் இட்டுக்கட்டினேன் என்று அரசு வக்கீல் உஜ்வல் நிகமே 2015-ல் சொன்னார். அந்த பிரியாணி இன்னும் எல்லா டீக்கடையிலும் வெந்துகொண்டிருக்கிறது.

தீவிரவாதிகளை உயிரோடு வைத்திருந்தால் விமானத்தைக் கடத்தி மீட்டுக்கொண்டு போவார்களே?

1999 காந்தஹார் சம்பவம். மசூத் அசார் உள்ளிட்ட மூவரை விடுவித்துத்தான் பயணிகளை மீட்டோம். நியாயமான கவலைதான். 2015-ல் நீதிபதி ஏ.பி. ஷா தலைமையில் சட்ட ஆணையம் தூக்கை ஒழிக்கப் பரிந்துரைத்தபோது பயங்கரவாத வழக்குகளையும் நாட்டுக்கு எதிரான போரையும் விட்டுவைத்தது. ஆனால் மசூத் அசார் விசாரணை முடிந்து தண்டனை பெற்றவர் அல்ல. தூக்குச் சட்டம் எவ்வளவு கடுமையாக இருந்திருந்தாலும் அன்று அவரைத் தொட்டிருக்காது.

ராஜீவ் கொலை வழக்கில் நடந்தது என்ன?

1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் விசாரித்த 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. மூவருக்கு ஆயுள். மீதி 19 பேர் கொலைக் குற்றத்திலிருந்தே விடுபட்டார்கள். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், மேல்முறையீடு என்று ஒன்று இல்லாதிருந்தால் 26 தூக்கு.

நால்வரில் நளினியின் தண்டனை 2000-ல் குறைக்கப்பட்டது. முருகன், சாந்தன், பேரறிவாளன் கருணை மனுக்கள் குடியரசுத் தலைவர் மாளிகையில் 11 வருடம் கிடந்து, 2011 ஆகஸ்டில் தள்ளுபடியாயின. செப்டம்பர் 9 என்று நாளும் குறித்தாகிவிட்டது. அதை எதிர்த்துக் காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தார். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. அதே நாளில் தண்டனையைக் குறைக்கக் கோரிச் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2014 பிப்ரவரியில், இத்தனை வருடம் காக்க வைத்ததே ஒரு கொடுமை என்று உச்ச நீதிமன்றம் மூவருக்கும் ஆயுளாகக் குறைத்தது.

பேரறிவாளன் கைதானபோது வயது 19. அவர் மேல் முக்கியக் குற்றச்சாட்டு இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தது. எதற்கு என்று தெரியாது என்று அவர் சொன்ன பகுதியை வாக்குமூலத்தில் நான் எழுதவில்லை என்று, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜனே ஓய்வுக்குப் பின் 2013-ல் சொன்னார். ஒரு வரி விட்டுப்போனதற்கு ஒரு கழுத்து. 2022 மே 18 அன்று விடுதலையாகி வந்தபோது அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது.

என்கவுன்டர் போட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

ஹைதராபாத்தில் பெண் மருத்துவர் வல்லுறவுக் கொலை வழக்கில் பிடிபட்ட நான்கு பேரை 2019 டிசம்பரில் போலீஸ் சுட்டபோது மக்கள் பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், போலீஸ் கொல்லும் நோக்கத்தோடே சுட்டது என்று 2022-ல் சொன்னது. கோர்ட்டில் வருடக்கணக்கில் இழுப்பதால் வரும் வெறுப்புதான் பூவாக விழுகிறது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் பத்து வருட விசாரணையிலேயே ஆள் மாறுகிறதே, பத்து நிமிடத்தில் மாறாதா?

வள்ளுவரே தூக்கை ஆதரிக்கிறாராமே?

550-வது குறள்: 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்.' கொடியவர்களை அரசன் கொலையால் தண்டிப்பது பயிரைக் காக்கக் களை எடுப்பது போல என்பது பரிமேலழகர் உரை. 'கொலையில்' என்பதை 'ஒறுத்தல்' பக்கம் சேர்த்தால் இந்தப் பொருள் வரும். 'கொடியார்' பக்கம் சேர்த்தால் கொலைத் தொழிலில் கொடியவர்களைத் தண்டிப்பது என்று மட்டும் ஆகும். எப்படித் தண்டிப்பது என்று சொன்னதாகாது. களை உவமை பரிமேலழகர் பக்கம்தான் சாய்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் களை எடுக்கிறவருக்குக் களை எது பயிர் எது என்று தெரியும்.

இலங்கை, சிங்கப்பூரில் எப்படி?

இலங்கையில் 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை. ஆனால் தண்டனை விதிப்பது நிற்கவில்லை. 2019-ல் ஜனாதிபதி சிறிசேன போதைப்பொருள் வழக்கில் நான்கு பேரின் ஆணையில் கையெழுத்திட்டார். அலுகோசு (தூக்கிலிடுபவர்) வேலைக்கு விளம்பரமும் வந்தது, நல்லொழுக்கம் கட்டாயத் தகுதி! அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. மிருசுவிலில் 2000-ல் எட்டுத் தமிழர்களைக் கொன்ற வழக்கில் 2015-ல் மரண தண்டனை பெற்ற இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவை 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச பொதுமன்னிப்பில் விட்டார். ஏட்டில் மரண தண்டனை இருந்தும் அந்தக் குடும்பங்களுக்கு ஆயுள் சிறையளவுக்குக்கூட நியாயம் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரில் தண்டனை ஏட்டோடு நிற்பதில்லை. 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு. மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் 42.72 கிராமுக்காக 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று வாதிட்டும் எடுபடவில்லை. அடுத்த வருடமே மலேசியா கட்டாயத் தூக்கை ரத்து செய்தது.

இந்தியாவில் இப்போது எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்?

2024 முடிவில் 564 பேர். 2004 முதல் அதுவரை தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டுப் பேர்: தனஞ்சய் சாட்டர்ஜி, கசாப், அப்சல் குரு, யாகூப் மேமன், 2020 மார்ச் 20 அன்று நிர்பயா வழக்கில் நால்வர். தமிழ்நாட்டில் 1995-ல் சேலம் சிறையில் ஆட்டோ சங்கருக்குப் பிறகு அந்த மேடை சும்மா கிடக்கிறது. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வுப்படி தூக்குக் கைதிகளில் 74 சதவீதம் பேர் ஏழைகள். கீழ்க் கோர்ட்டு தூக்கு விதித்தவர்களில் உச்ச நீதிமன்றம் வரை அது நிலைத்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

கடைசி ஆசை கேட்பார்களா?

படத்தில் வருகிற மாதிரி இல்லை. உயில் எழுத வேண்டுமா என்று கேட்பார்கள். எடை பார்ப்பார்கள். அந்த எடையைவிடக் கூடுதலான மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் கயிற்றைச் சோதிப்பார்கள். கயிறு பெரும்பாலும் பீகார் பக்ஸர் சிறையில் திரித்தது. கருணை மனு தள்ளுபடியான பிறகு 14 நாள் இடைவெளி, கடைசியாக ஒருமுறை குடும்பத்தைப் பார்க்கும் ஏற்பாடு, இவை 2014 ஜனவரியில் சத்ருகன் சவுகான் வழக்குத் தீர்ப்பில்தான் கட்டாயமாயின.

அதற்கு முந்தைய வருடம், நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட அப்சல் குருவின் கருணை மனு தள்ளுபடியானதை அவர் குடும்பத்துக்குத் தெரிவிக்க டெல்லியிலிருந்து காஷ்மீருக்கு ஸ்பீடு போஸ்டில் கடிதம் போட்டார்கள். பிப்ரவரி 9 காலை திகார் சிறையில் தூக்கு. உடலையும் அங்கேயே புதைத்தார்கள். கடிதம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது 11-ம் தேதி.